இடது பக்கத்துக் கல்லீரல்

என் மனைவியின் அண்ணனுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். மாசி மாதம், சம்பா அறுவடை முடிகிற நேரம். மன்னார்குடியிலிருந்து காலையில் வேனில் கிளம்பும்போதே எனக்குத் தொப்புளைச் சுற்றி வலி இருந்தது. முறுக்கிப் பிழிகிற வலி இல்லை. யாரோ உள்ளே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பது மாதிரி ஒரு வலி.

"ஏங்க, முகம் ஒரு மாதிரி இருக்கே" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. வாயு."

"நேத்து சாயங்காலம் பஜ்ஜி சாப்பிட்டீங்க."

"பஜ்ஜி இந்நேரம் சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போயிருக்கும். இந்த வலிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

முன் சீட்டிலிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் பேச்சு எப்போதும் அப்படித்தான் இருக்கும். நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியன். ஓய்வு பெறச் சில வருடங்களே இருந்தன. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு வருடமும் சீரண மண்டலம் நடத்தியிருக்கிறேன். சுவரில் படம் மாட்டினால் பையன்கள் படத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பார்கள் என்பதால் என் உடம்பையே படமாக வைத்துக்கொள்வேன். வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து, "இங்கே கல்லீரல்" என்பேன். இடது பக்கம் தட்டி, "இங்கே இரைப்பை, அதுக்குப் பின்னாடி மண்ணீரல்" என்பேன். வலது அடிவயிற்றில் ஒரு விரலைக் குத்தி, "சிறுகுடலும் பெருங்குடலும் சேருற இந்த மூலையில, மண்புழு மாதிரி தொங்குதே, அதுதான் குடல்வால்" என்பேன். சட்டைக்கு மேலேயே எல்லாவற்றையும் தொட்டுக் காட்டிவிடுவேன். பிள்ளைகள் பின்னால் எனக்கு வயிற்று வாத்தியார் என்று பெயர் வைத்திருந்தது எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

என் மனைவி கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவில் இருக்கிறாள். உரசிப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டாள். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுப் போகலாமா?" என்று திருவாரூர் தாண்டும் முன் இரண்டு முறை கேட்டாள். முகூர்த்தம் தவறிவிடும் என்று நான் சொன்னேன். உண்மையில் எனக்கு வயிற்றைப் பற்றி இன்னொருத்தர் விளக்கம் சொல்லிக் கேட்பது பிடிக்காது.

கோயிலில் கூட்டம். எங்கள் மச்சான் மாதிரியே இன்னும் பல ஜோடிகள் பட்டும் மாலையுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கலச நீரை உறவினர்கள் ஒவ்வொருவராகத் தலையில் ஊற்ற, மச்சானும் அவர் மனைவியும் நடுங்கிக்கொண்டே கும்பிட்டார்கள். என் முறை வந்து, செம்பைத் தூக்கிக் கையை உயர்த்தியபோது இடது அடிவயிற்றில் சுருக்கென்றது. பாதித் தண்ணீர் மச்சான் தலையிலும் மீதி பக்கத்து ஜோடியின் புரோகிதர் மேலும் விழுந்தது. அவர் மந்திரத்தை நிறுத்தாமல் என்னை முறைத்தார்.

ஓரமாகப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலி இப்போது தொப்புளில் இல்லை. இடது பக்கம் கீழே இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. எனக்கு அதில் ஒரு நிம்மதி. ஏனென்றால் தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து அடிவயிற்றுக்கு இறங்குகிற வலிதான் குடல்வால் அழற்சியின் அடையாளம். ஆனால் அது வலது பக்கம் இறங்கும். என்னுடையது இடது பக்கம். ஆகவே அது இல்லை. இதைத் தூணில் சாய்ந்தபடியே எனக்கு நானே நடத்திக்கொண்டேன்.

விஷயம் பரவிவிட்டது. ஒரு சித்தி ஓமத்தை உள்ளங்கையில் கொட்டி, மென்று விழுங்கச் சொன்னார். ஒருத்தர் பெருங்காயத்தை மோரில் கரைத்து வரப் போனார். மச்சானின் சம்பந்தி, "இது குடலேத்தம். விளக்கெண்ணெய் தடவி உருவி விட்டா இறங்கிடும்" என்று கையைத் தேய்த்துக்கொண்டு கிட்டே வந்தார். நான் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வயிற்று வலி என்று சொன்னால் நம் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு வைத்தியம் தெரிந்திருக்கிறது. வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரிவதில்லை. அப்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் பந்தி. சாப்பிடத் தோன்றவில்லை, ஆனால் உட்காராவிட்டால் கேள்வி வரும். என் பக்கத்து இலையில் மச்சானின் சிறுவயது சினேகிதர் ஒருவர் உட்கார்ந்தார். தரங்கம்பாடியில் எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிறார். அதற்கு முன் வளைகுடாவில் நெடுங்காலம் இருந்தவர். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள்; நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"சார், உங்களுக்கு வேர்க்குது" என்றார் பாய்.

"வாயு."

"எந்த இடத்துல?"

நான் காட்டினேன்.

"அப்பெண்டிக்ஸா இருக்கப்போகுது சார்."

அவ்வளவுதான். எனக்கு வலி மறந்துவிட்டது. "பாய், அப்பெண்டிக்ஸ் எந்தப் பக்கம் இருக்கு தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். வாய்ச்சொல்லில் திருப்தி வராததால் இலையைக் காட்டிப் பாடம் நடத்தினேன். அப்பளத்தை இலையின் மேல் ஓரத்தில் வைத்து, "இது உதரவிதானம். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவுல இருக்கிற கூரை" என்றேன். கூட்டிலிருந்து ஒரு பெரிய பூசணித் துண்டை எடுத்து அப்பளத்துக்குக் கீழே வைத்தேன். "இது கல்லீரல். உடம்புக்குள்ள இருக்கிற உறுப்புகள்ல இதுதான் பெருசு. வலது பக்கம்."

"என் வலது பக்கமா, இலையோட வலது பக்கமா?" என்று கேட்டார் பாய்.

"இலை நம்ம எதிர்ல நிக்கிற ஆளுன்னு நினைச்சுக்குங்க. அந்த ஆளோட வலது."

"அப்ப நமக்கு இடது."

"ஆமா."

"சரி, சொல்லுங்க."

கல்லீரலுக்கு எதிர்ப்பக்கம் உருளைக்கிழங்கு மசியலைக் குவித்து இரைப்பை ஆக்கினேன். நடுவில் ஜாங்கிரியை வைத்து, "சிறுகுடல். உங்க உயரத்தைப் போல மூணு மடங்கு நீளம், இப்படித்தான் சுருண்டு கிடக்கும்" என்றேன். பாய் தன் இலையிலிருந்த ஜாங்கிரியை நோக்கி நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். அவருக்கு அந்தப் பக்கம் இருந்தவரும் மெல்லுவதை நிறுத்திவிட்டார். பொரியலிலிருந்து ஒரு பீன்ஸ் துண்டை எடுத்து, பெருங்குடல் தொடங்குகிற மூலையில் வைத்தேன். "இதுதான் நீங்க சொன்ன குடல்வால். வலது பக்கம். எனக்கு வலிக்கிறது இடது பக்கம். புரியுதா?"

"புரியுது சார். பித்தப்பை எங்க? அதையும் வையுங்க."

"ஏன்?"

"எனக்கு அது கிடையாது. துபாய்ல விட்டுட்டு வந்துட்டேன். கல்லுன்னு சொல்லி எடுத்துட்டாங்க. எங்க இருந்துச்சுன்னு பாக்கணும்."

பாயசத்திலிருந்து ஒரு முந்திரியை எடுத்துப் பூசணித் துண்டுக்கு அடியில் செருகினேன். பாய் குனிந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "இத்தனூண்டா?" என்றார். "இதுக்கா நான் அந்தக் கத்து கத்தினேன்."

அந்த நேரத்தில் சாம்பார்க்காரர் வந்து, என்ன ஏது என்று பார்க்காமல் என் உடற்கூறியல் முழுவதையும் மூழ்கடித்துவிட்டுப் போனார். சாம்பார் வாசனை மூக்கில் ஏறியது. எனக்குக் குமட்டியது. எழுந்து கைகழுவும் இடம் வரை போய்ச் சேர்ந்ததை இன்றைக்கும் என் சாதனைகளில் ஒன்றாக நினைக்கிறேன்.

நிமிர்ந்தபோது பாய் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் என் மனைவி கைப்பையோடு. இரண்டு பேரும் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

"பாய் கார் வெச்சிருக்காங்க. மயிலாடுதுறைக்குப் போறோம்" என்றாள்.

"வலது பக்கமா இருந்தா நானே..."

"எந்தப் பக்கமா இருந்தா என்னங்க, வலிக்கிறது உங்களுக்குத்தானே. ஏறுங்க."

அந்தச் சாலையை நான் மறக்கமாட்டேன். பாதிச் சாலைக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். எதிரே லாரி வரும்போதெல்லாம் கார் நெல்லின் மேல் ஏறி இறங்கியது. அது பரவாயில்லை, மெத்தை மாதிரிதான் இருந்தது. ஊருக்கு ஊர் இருந்த வேகத்தடைகள்தான் உயிரை எடுத்தன. ஒவ்வொரு தடையிலும் என் வயிறு முழுவதும் தனியாக ஒரு தடவை தூக்கிப் போட்டது. பாய் ஒவ்வொரு தடைக்கு முன்னாலும், "சார், வருது" என்று சொல்லி எச்சரித்தார். எச்சரிக்கை வலியைக் குறைக்கவில்லை. வலியைச் சீக்கிரம் தொடங்கி வைத்தது. செம்பனார்கோயில் தாண்டியதும் நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். என் மனைவி அப்போதுதான் உண்மையிலேயே பயந்தாள் என்று பிறகு சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் வயதைக் கேட்டதும் முதலில் ஈசிஜி எடுக்கச் சொன்னார்கள். நர்ஸ் மார்பில் வயர்களை ஒவ்வொன்றாக ஒட்டி, காகிதம் வெளியே வந்ததும் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "வயரை மாத்திப் போட்டுட்டேன் போலிருக்கு" என்று சொல்லிப் பிய்த்து எடுத்து மறுபடி ஒட்டினார். மார்பு முடியோடு சேர்த்து. மறுபடியும் காகிதம் வந்தது. மறுபடியும் உதடு. "மெஷின்ல ஏதோ கோளாறு சார். நீங்க ஸ்கேனுக்குப் போங்க" என்றார்.

ஸ்கேன் அறை இருட்டாகவும் குளிராகவும் இருந்தது. டாக்டர் இளம்பெண். என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"சார், என்னைத் தெரியுதுங்களா? ப்ளஸ் டூல நீங்கதான் எனக்குப் பயாலஜி எடுத்தீங்க."

"தெரியாமலா" என்றேன். தெரியவில்லை. ஆனாலும் எனக்கு உடனே தைரியம் வந்துவிட்டது. என்னிடம் படித்த பெண். வயிற்றைப் பற்றி நன்றாகத்தான் படித்திருப்பாள்.

"நீங்க நடத்தினதாலதான் சார் எனக்கு இந்தப் படிப்பு மேல ஆசையே வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே வயிற்றில் ஜில்லென்று ஜெல்லைத் தடவினார். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க சார்."

இழுத்துப் பிடித்தேன். வலது விலாவுக்குக் கீழே கருவியை வைத்து அழுத்தினார். திரையைப் பார்த்தார். அழுத்தத்தை மாற்றினார். பிறகு கருவியை எடுத்து அதன் ஓரத்திலிருந்த அடையாளக் கோட்டைப் பார்த்தார். துடைத்தார். மறுபடி வைத்தார். நான் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"சார், மூச்சு விட்டுடுங்க."

விட்டேன்.

"சார், மல்லாந்துதானே படுத்திருக்கீங்க?"

"ஆமாம்மா. உன்னைப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"இல்ல சார், சும்மா கேட்டேன்." கருவியை இடது பக்கம் கொண்டுபோனார். வெகு நேரம் அங்கேயே நகர்த்திக்கொண்டிருந்தார். பிறகு மிகவும் தணிந்த குரலில், "சார், கோவிச்சுக்காதீங்க. வலது பக்கம் மண்ணீரல் தெரியுது" என்றார்.

"அது கல்லீரலா இருக்கும்மா. நிதானமாப் பாரு."

"கல்லீரல் இந்தப் பக்கம் இருக்குங்க சார்."

"இடது பக்கம் கல்லீரல் இருக்காதும்மா. நான் சொல்லிக் கொடுத்திருக்கேனே."

"சொல்லிக் கொடுத்திருக்கீங்க சார்." கருவியை இன்னொரு தடவை அழுத்தினார். "ஆனா இருக்குங்க சார்."

திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் மழைமேகம் மாதிரி ஏதோ அசைந்தது. அதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதைச் சொல்ல மனம் வரவில்லை. "ம்" என்றேன். அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். கல்லீரல் இடது பக்கம். அதற்கு அடியில் பித்தப்பை, அதுவும் இடது. இரைப்பை வலது. கணையத்தின் வால் போகவேண்டிய திசைக்கு நேர் எதிராகப் போகிறது. பிறகு கருவியை மார்புக்கு நகர்த்தி, "இதயமும் வலது பக்கம்தான் சார் துடிக்குது" என்றார். "கண்ணாடியில பார்க்கிற மாதிரி எல்லாம் அப்படியே திரும்பியிருக்கு. சில பேருக்குப் பிறவியிலேயே இப்படி இருக்கும். நான் புத்தகத்துலதான் பார்த்திருக்கேன். இன்னிக்குத்தான் நேர்ல பார்க்கிறேன், அதுவும் உங்களுக்கு."

"அப்ப இத்தனை வருஷம் சாப்பிட்டதெல்லாம் எப்படிம்மா ஜீரணமாச்சு?"

"எல்லாம் ஒண்ணா சேர்ந்தே திரும்பியிருக்கு சார். அதுங்களுக்குள்ள ஒரு குழப்பமும் இல்ல."

குழப்பமெல்லாம் எனக்குத்தான். படுக்கையில் கிடந்தபடி என் கையைக் கொண்டுபோய் வலது மார்பில் வைத்தேன். துடித்தது. தாராளமாகத் துடித்தது. இடது பக்கம் கையை வைத்து, "எல்லாரும் இதே மாதிரி வையுங்க, துடிக்குதா?" என்று வகுப்பில் கேட்டிருக்கிறேன். எனக்கும் துடிக்கிறதென்றே நினைத்திருக்கிறேன். வேலைக்குச் சேரும்போது உடல்தகுதிச் சான்றிதழுக்குப் போன இடத்தில் ஒரு வயதான டாக்டர் இடது பக்கம் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து, "சத்தம் கொஞ்சம் அடக்கமா இருக்கு. வாத்தியார் வேலைக்குப் போதும்" என்று கையெழுத்துப் போட்டது ஞாபகம் வந்தது. ஒருமுறை இருமலுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தபோது அங்கே இருந்தவர் படத்தை விளக்கில் மாட்டி, "தப்பா மாட்டிட்டேன்" என்று திருப்பி மாட்டியதும் ஞாபகம் வந்தது.

"சார், இங்க அழுத்தினா வலிக்குதா?"

இடது அடிவயிற்றில் அழுத்தினார். நான் கூரையைப் பார்த்தேன். இரண்டு கையாலும் கட்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

"குடல்வால்தான் சார். நல்லா வீங்கியிருக்கு. ஆபரேஷன் பண்ணிடணும்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. குரலில் மட்டும், நல்ல மார்க் வாங்கிய பிள்ளையின் சந்தோஷம் கொஞ்சம் கசிந்தது. அதை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

வெளியே வந்தபோது பாயும் என் மனைவியும் எழுந்து வந்தார்கள். டாக்டர் விவரம் சொன்னார். என் இலையில் இருந்த பீன்ஸ் துண்டு பாயின் கண்ணுக்கு முன்னால் வந்திருக்கவேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரில் இருந்த காசநோய் விளம்பரத்தைப் படிக்க ஆரம்பித்தார். என் மனைவி, "எல்லாமே மாறியா இருக்கு?" என்று கேட்டாள்.

"எல்லாமேங்க. இதயம் உட்பட" என்றார் டாக்டர்.

அவள் என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தாள். வங்கியில் சந்தேகமான வளையலைப் பார்க்கிற பார்வை. டாக்டர் உள்ளே போனதும் என் காதருகே குனிந்து, "கல்யாணமான புதுசுல உங்க நெஞ்சுல தலை வெச்சுப் படுக்கிறப்பெல்லாம் ஒண்ணுமே கேக்காது. இந்த மனுஷனுக்கு என்மேல ஒரு படபடப்பும் இல்லையேன்னு நினைச்சேன்" என்றாள்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிங்க சொல்றது அதை?"

அறுவை மருத்துவர் வந்தார். நடுத்தர வயது, அவசரமே இல்லாத மனிதர். வலது பக்கம் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, கண்ணை மூடித் தலையாட்டினார், கச்சேரி கேட்பவர் மாதிரி. பிறகு, "உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா நர்ஸிங் படிக்கிற பொண்ணுங்க வந்து கேக்கலாமா? இது மாதிரி அவங்களுக்கு மறுபடி கிடைக்காது" என்றார். நானும் ஆசிரியன்தானே, எப்படி மறுப்பது. அவர்கள் வரிசையாக வந்து, ஒவ்வொருவராகக் கேட்டு, "தேங்க்யூ சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஈசிஜி எடுத்த நர்ஸும் கடைசியாக வந்தார். மெஷின் மேல் இருந்த களங்கம் நீங்கியதில் அவருக்கு நிம்மதி. மறுபடி ஒருமுறை, இந்தத் தடவை வயர்களைப் பக்கம் மாற்றி ஒட்டி எடுத்தார். காகிதம் சரியாக வந்தது. மிச்சமிருந்த முடியும் போனது.

"பயப்படாதீங்க சார்" என்றார் அறுவை மருத்துவர். "சாதாரண ஆபரேஷன்தான். வழக்கமா நிக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நான் நிக்கணும், வயித்துக்குள்ள விடுற கேமராவோட டிவியை இந்தப் பக்கம் வைக்கணும். அவ்வளவுதான். இன்னொண்ணு, நான் இடது கைக்காரன். படிச்ச காலத்துலேர்ந்து எல்லாரோட வயிறும் எனக்கு எதிராவே இருந்துச்சு. உங்களோடதுதான் முதல் தடவையா எனக்கு வசதியா அமைஞ்சிருக்கு."

அந்த மனிதரின் கையில் உயிரைக் கொடுக்க எனக்குத் தயக்கமே வரவில்லை.

அதற்குள் மச்சானும் அவர் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். உடை மாற்ற நேரமில்லாமல் பட்டு வேட்டி, கூறைப்புடவை, கழுத்தில் மாலை, நெற்றியில் ஈரக் குங்குமம். வரவேற்பில் இருந்த பெண் குழம்பிப்போய், "பொண்ணு மாப்பிள்ளைக்கா உடம்பு சரியில்ல?" என்று கேட்டிருக்கிறார். காத்திருந்த நோயாளிகளில் இரண்டு பேர் எழுந்து மச்சான் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கியதாக பாய் பிறகு சொன்னார்.

மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டு கலங்கினார். "மாப்ள, ஆயுள் நீடிக்கணும்னு சொல்லி உங்களை எல்லாம் கூட்டிட்டு வந்தேனே, இப்படி ஆயிடுச்சே."

"உங்க ஆயுளுக்குத்தானே மச்சான் பூஜை. நான் சும்மா தண்ணி ஊத்த வந்தவன்."

"அதையும் ஐயர் மேலதானே ஊத்தினீங்க" என்று சொல்லிவிட்டு மாலையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை; தூங்கிக்கொண்டிருந்தேன். வயிற்றில் சின்னச் சின்னதாக ஓட்டைகள், அவற்றின் மேல் பிளாஸ்திரி. மறுநாள் காலையில் மருத்துவர் வந்து, "காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்டார். குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கியதற்கு அதுதான் அடையாளம். அது வந்தால்தான் சாப்பாடு. இது எனக்குப் பாடமாகத் தெரிந்ததுதான். ஆனால் ஒரு குடும்பமே அதற்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கவில்லை. என் மனைவி அரைமணிக்கு ஒருதரம் கேட்டாள். மச்சான் போனில் கேட்டார். மச்சான் மனைவி கேட்கச் சொன்னதாக மச்சான் மறுபடி கேட்டார். பாய் மட்டும் நாகரிகமாக, "சார், விசேஷம் ஏதும் உண்டா?" என்றார்.

"இன்னும் இல்ல பாய்."

"துவா செய்யறேன் சார்."

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஜன்னல் வழியே வெயில் கட்டில் கால்மாட்டுக்கு வந்த நேரத்தில், விசேஷம் நடந்தது. நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவரே நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். என் மனைவி குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வரி போட்டாள். அறுபதாம் கல்யாண போட்டோக்களுக்குக் கிடைத்ததைவிட அதற்குத்தான் அதிகக் கைகூப்புகள் வந்தன. கொஞ்ச நேரத்தில் ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சி கொடுத்தார்கள். உப்பு போதவில்லை. அவ்வளவு ருசியாக நான் எதையும் குடித்ததில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது அறுவை மருத்துவர் ஒரு விஷயம் சொன்னார். "இது கூடப் பிறந்தவங்களுக்கும் இருக்க வாய்ப்பு உண்டு. யாராவது இருந்தா ஒருதடவை பார்த்துக்கச் சொல்லுங்க. தெரிஞ்சிருந்தா நல்லது."

எனக்கு ஒரே ஒரு அக்கா. பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு. புயலில் பாதி மரம் விழுந்தபோதும் அழாமல் மறுவாரமே கன்று வாங்கி நட்டவள். தையல் பிரித்த பிறகு நானும் மனைவியும் போய் விஷயத்தைச் சொன்னோம். அக்கா பாக்கு வெட்டிக்கொண்டே முழுக்கக் கேட்டாள்.

"என் ஈரல் எங்க இருந்தா யாருக்கு என்ன? அது பாட்டுக்கு இருக்கு. நான் பாட்டுக்கு இருக்கேன்."

"நாளைக்கு வயித்துவலின்னு போனா டாக்டர் தப்பான பக்கம் தேடுவாருக்கா."

"எனக்கு வயித்துவலியே வந்ததில்ல."

"எனக்கும்தான் அன்னிக்கு வரைக்கும் வந்ததில்ல."

அக்கா பாக்குவெட்டியைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு அவள் போக்கு மாறியது. சாப்பிடும்போது ஒருமுறை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, வலது மார்பில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு இடது. பிறகு மறுபடி வலது. "எனக்கும் இந்தப் பக்கம்தான் துடிக்கிற மாதிரி இருக்குடா" என்றாள். மோர் ஊற்றும்போது, "சின்ன வயசுலேர்ந்தே நான் வலது பக்கம் ஒருக்களிச்சுத்தான் படுப்பேன். அம்மாகூடத் திட்டும்" என்றாள். சாயங்காலத்துக்குள் பக்கத்துத் தோப்பு அம்மாவிடம், "எங்க குடும்பத்துக்கே எல்லாம் மாறித்தான் இருக்குமாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

மறுநாள் பட்டுக்கோட்டைக்கு அழைத்துப் போனோம். அக்கா நல்ல புடவை கட்டி, நெற்றிக்குப் பெரிய பொட்டு வைத்து வந்தாள். ஸ்கேன் எடுக்கிறவரிடம் உள்ளே நுழையும்போதே, "தம்பி, பயந்துடாதீங்க. எனக்கு எல்லாம் வேற மாதிரி இருக்கும்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள். பின்னாலேயே அவர் வந்து, "எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்துல இருக்குங்க. கல்லீரல், பித்தப்பை, மண்ணீரல், எல்லாம் நார்மல். இந்த வயசுக்கு ரொம்ப நல்லாவே இருக்கு" என்றார்.

என் மனைவி, "அப்பாடா" என்றாள். நானும் மகிழ்ச்சியாகச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"நல்லாப் பார்த்தாரா?" என்றாள்.

"நல்லாத்தான் பார்த்தாருக்கா."

"சீக்கிரமா முடிச்சுட்டாரே. உனக்கு அந்தப் பொண்ணு வெகு நேரம் பார்த்துச்சுன்னு சொன்னே?"

"எனக்கு மாறி இருந்துச்சு, அதனால நேரமாச்சு."

பஸ் நிலையம் வரை அவள் எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தாள். டீக்கடையில் உட்கார்ந்து ஒரு வடையைப் பிய்த்து வாயில் போட்டு, மெதுவாக மென்று விழுங்கினாள். "அம்மா எப்பவும் உனக்குத்தான்டா எதையும் விசேஷமாக் குடுப்பா" என்றாள். கோபமாகச் சொன்னாளா, வேடிக்கையாகச் சொன்னாளா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. பிறகு என் தட்டிலிருந்த வடையையும் எடுத்துக்கொண்டு, "நீ இப்பத்தான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவன், எண்ணெய்ப் பலகாரம் ஆகாது" என்றாள்.